பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்!

ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் மூச்சு நின்று நின்று வந்தாலும், காலையில் எழுந்து “நல்லாத்தானே தூங்கினேன்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சுப்பாதையை மூடிவிடுகின்றன. 10 விநாடி, சில சமயம் அதற்கும் மேல், காற்றே உள்ளே போகாது! ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறிப்போய் உலுக்குகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. அந்த விழிப்பு தூங்கியவருக்கு நினைவிலேயே தங்குவதில்லை. ஸ்லீப் ஆப்னியா என்கிற இந்தக் கோளாறு, 30 முதல் 69 வயதுக்குள் உலகெங்கும் 93 கோடிப் பேருக்கு மேல் இருக்கலாம் என்கிறது 2019-இல் வந்த ஒரு மதிப்பீடு!

நின்றுகொண்டே தூங்கி வழியும் ஜோ என்ற குண்டுப் பையனை சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இலேயே தன் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடரில் படைத்துவிட்டார். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் உடல் பருமனோடு வரும் ஒரு மூச்சுக் கோளாறுக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள்!

ஆனால் சிகிச்சை? கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதுதான் அன்று கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி. 1980, ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி. கட்டட வேலை செய்யும் ஒருவர் அந்த அறுவை சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்றார். அவரைக் கவனித்த டாக்டர் காலின் சல்லிவன் நாய்களின் உறக்கச் சுவாசத்தை ஏற்கெனவே ஆராய்ந்தவர். தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனரின் மோட்டாரை எடுத்து, காற்றை உறிஞ்சாமல் ஊதும்படி திருப்பி, குழாய் வழியாக நோயாளியின் மூக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். மூடிக்கொண்டிருந்த தொண்டை அந்தக் காற்றின் தாங்கலிலேயே திறந்து நின்றது! கத்தி இல்லை, மருந்து இல்லை. அந்த மனிதர் ஏறக்குறைய 7 மணி நேரம் தூங்கி, பல வருடங்களில் முதல்முறையாகத் தெளிவாக எழுந்தார். மறு வருடம் ஐந்து நோயாளிகளின் விவரம் ‘லான்செட்’ இதழில் வந்தது. இன்று உலகமெங்கும் படுக்கை அருகே இருக்கும் சிபாப் கருவி பிறந்தது இப்படித்தான். எத்தனை குரல்வளைகள் கத்தியிலிருந்து தப்பின!

கருவி இல்லாத வழிகளும் தேடப்பட்டன. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நீண்ட ஊதுகுழலான டிட்ஜெரிடூவை 4 மாதம் பயிற்சி செய்த நோயாளிகளுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மூச்சுத் தடையும் குறைந்தது! சுவிட்சர்லாந்தில் 25 பேரிடம் நடந்த சிறிய சோதனை இது. முடிவு 2006-இல் வெளியானது. ஊதி ஊதித் தொண்டைத் தசைகள் வலுப்பட்டதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2024 டிசம்பரில் இன்னொரு திருப்பம்: உடல் எடையைக் குறைக்கும் டிர்ஸெபடைட் ஊசியை, உடல் பருமனோடு இந்த நோயும் உள்ள பெரியவர்களுக்கு அமெரிக்கா அனுமதித்தது. இந்த நோய்க்கென அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

எல்லாவற்றையும்விட என்னை நெகிழவைப்பது குறைமாதக் குழந்தைகளின் கதை. மூளை முதிராததால் மூச்சுவிட மறந்துபோகும் அந்தச் சிசுக்களுக்குக் கொடுப்பது என்ன தெரியுமா? நம் காலைக் காபியில் இருக்கும் அதே காஃபீன்! பிறக்கும்போது ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இல்லாத 2,006 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பல நாடுகளில் இதை அளவாகக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒன்றரை வயதைத் தாண்டியபோது பார்த்தால், காஃபீன் பெறாதவர்களைவிடப் பெற்ற குழந்தைகளிடம் மூளை முடக்குவாதம் குறைவாக இருந்தது!