உப்புநீர் பிரித்த குப்பை

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு. படம் எடுத்தவர்கள் விட்டுப்போனதை நானும், கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் நண்பனும் ஒரு சனிக்கிழமை பொறுக்கிக்கொண்டிருந்தோம். "உப்பள்ள வந்தனியளோ, குப்பை அள்ள வந்தனியளோ?" என்று சைக்கிளில் போன ஐயா ஒருவர் கேட்டார். "ரெண்டுக்கும்தான் ஐயா" என்றான் நண்பன். பகிடி இல்லை. உப்பளத்தில் கேட்டு வாங்கிய முற்றிய உப்புநீர் ஒரு வாளி நிறையப் பக்கத்தில் இருந்தது.

1930களின் இறுதியில் தொடங்கிய உப்பளம் இது. 1990இல் போரால் நின்றது. பிறகு மீண்டு, 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலையும் கண்டது. உப்பு விளையும் விதம் மட்டும் மாறவில்லை. நல்ல தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. வெயிலும் காற்றும் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை உறிஞ்ச, அது 1.2 கிலோவைத் தாண்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அந்த 1.2தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

பொறுக்கியதைச் சிறு துண்டுகளாக வெட்டி, முதலில் கிணற்றுத் தண்ணீரில் போட்டோம். போத்தல் மூடிகள் மிதந்தன. அவை பொலிஎதிலீன் அல்லது பொலிப்புரொப்பிலீன். இரண்டும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை. சோடாப் போத்தல், யோகட் கப், அறுந்த நைலோன் வலை மூன்றும் தாண்டுபோயின. தாண்டதை அள்ளி உப்புநீரில் போட்டபோதுதான் வேடிக்கை. யோகட் கப் துண்டுகள் உடனே மேலே வந்தன. அது பொலிஸ்ரைரீன், அடர்த்தி 1.05. பின்னாலேயே வலையும் வந்தது, நைலோனுக்கு 1.14. போத்தல் துண்டு மட்டும் அசையவில்லை. பெட் எனப்படும் அந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38. "மச்சான், வகுப்பிலை ஒரு கிழமை கத்திறதை இந்த வாளி ரெண்டு நிமிசத்திலை சொல்லிப்போட்டுது" என்றான்.

வீட்டிலும் செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்தால் போதும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டினால் ஏமாற்றும் என்பதால் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விடுங்கள். றெஜிபோமைப் போடாதீர்கள். அதுவும் பொலிஸ்ரைரீன்தான், ஆனால் வயிறு நிறையக் காற்று. எந்தத் தண்ணீரிலும் மிதக்கும்.

மீள்சுழற்சி ஆலைகளிலும் இதே வேலைதான். போத்தலை நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் மூடி மேலே, பெட் கீழே. ஹொரணையில் பெட் போத்தல்கள் பொலியெஸ்ரர் நூலாகின்றன. 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி போட்ட சட்டையும் கடற்கரையில் சேர்த்த பிளாஸ்டிக்கில் நெய்ததே. ஆறாம் இடத்தோடு திரும்பி வந்ததற்குச் சட்டை பொறுப்பில்லை.

குப்பையைச் சேர்ப்பது பற்றி நிறையப் பேசுகிறோம், பிரிப்பது பற்றிக் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் ஒரே உரப்பையில் திணித்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு அது பாதிக் குப்பை. பெட் உருக 250 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். அதற்குள் பிவிசி துண்டு ஒன்று கலந்திருந்தால் அந்தச் சூட்டில் சிதைந்து ஐதரசன் குளோரைட்டைக் கக்கும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். நூல் மஞ்சளாகும், அறும்.

உப்புநீர் தோற்பதும் இங்கேதான். பிவிசியின் அடர்த்தியும் ஏறத்தாழப் பெட்டினுடையதே, இரண்டும் சேர்ந்தே தாழும். பெரிய ஆலைகளில் எக்ஸ் கதிர் பிவிசியிலுள்ள குளோரினைக் காட்டிக்கொடுக்க, காற்றை ஊதி அந்தத் துண்டைத் தள்ளுகிறார்கள். எங்களிடம் இருந்தது செப்புக் கம்பிதான். நண்பன் அதைச் சூடாக்கி, சந்தேகமான துண்டில் தொட்டு, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று சுவாலையில் பிடித்தான். புகை நல்லதல்ல, பிள்ளைகள் செய்யக் கூடாது. போத்தல் துண்டுக்குச் சுவாலை நிறம் மாறவில்லை. யாரோ எறிந்த தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குக் குளோரினால் பச்சையாக எரிந்தது. அதை வேறு பையில் போட்டோம்.