கம்பெனி கட்டுவது 24 ஆயிரம். ஆள் கைக்கு வருவது 13 ஆயிரம்! நடுவில் நிற்கும் 11 ஆயிரம் யாருக்கு?

சென்னையில் "ஆட்கள் தேவை" நோட்டீஸ் ஒட்டாத கரண்டு கம்பத்தைப் பார்ப்பது அபூர்வம்.

வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங், ஹெல்பர், டிரைவர், ஆபீஸ் பையன்... எந்த வேலைக்கும் ஆள் பிடித்துக் கொடுக்க ஏஜென்சி இருக்கிறது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், பழைய மகாபலிபுரம் ரோடு கம்ப்யூட்டர் கம்பெனிகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் "ஏஜென்சி ஆள்" உண்டு.

இவர்கள் வேலை பார்ப்பது ஓர் இடம். சம்பளம் வாங்குவது வேறு இடம்.

ஏஜென்சி மாதா மாதம் கம்பெனிக்கு பில் அனுப்பும். கம்பெனி பணம் கட்டும். அதில் இருந்து ஏஜென்சி ஆளுக்குச் சம்பளம் போடும். நடுவில் எடுத்துக் கொள்வது கமிஷன். பில்லில் அதற்கு "சர்வீஸ் சார்ஜ்" என்று கவுரவமான பெயர்!

அந்த பில்லில் என்ன தொகை போட்டிருக்கிறது என்பது, வேலை பார்க்கும் ஆளுக்குத் தெரியாது. தில்லுமுல்லுக்கு வழி திறப்பது இங்கேதான்.

கணக்கு இதோ!

பேச்சுக்கு ஒரு வாட்ச்மேன். மாதச் சம்பளம் 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஏஜென்சி கமிஷன் 10 சதவீதம். ஒழுங்கான பில் இப்படி இருக்கும்:

சம்பளம் - ரூ.15,000

பிராவிடண்ட் பண்டு, முதலாளி பங்கு 13 சதவீதம் (இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவு உள்பட) - ரூ.1,950

இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 3.25 சதவீதம் - ரூ.487.50

போனஸ் 8.33 சதவீதம் - ரூ.1,249.50

இதுவரை கூட்டினால் - ரூ.18,687

இதன் மேல் கமிஷன் - ரூ.1,868.70

எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் - ரூ.3,700.03

கம்பெனி கட்டுவது ரூ.24,255.73.

வாட்ச்மேன் கைக்கு எவ்வளவு வரும்? 15 ஆயிரத்தில் அவர் பங்காக பி.எப். 12 சதவீதம் (ரூ.1,800), இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் (ரூ.112.50) பிடிப்பார்கள். மீதி ரூ.13,087.50.

இரண்டுக்கும் வித்தியாசம் 11 ஆயிரத்து 168 ரூபாய்! "அடேயப்பா! அத்தனையும் ஏஜென்சிக்காரர் பைக்கா?" என்று கேட்கத் தோன்றும்.

இல்லை. கணக்கு நேர்மையாக இருந்தால் ஏஜென்சிக்குச் சேருவது கமிஷன் 1,868 ரூபாய் மட்டும்தான். ஆபீஸ் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் அவர்கள் அதில்தான் பார்க்க வேண்டும். 3,700 ரூபாய் வரியாக அரசுக்குப் போகிறது.

மீதி 5 ஆயிரத்து 599 ரூபாய்? இரண்டு பங்கு பி.எப்., இரண்டு பங்கு இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் சேர்ந்த தொகை அது. ஏஜென்சி வழியாகப் போகிறதே தவிர, அது வாட்ச்மேனுக்காகக் கொடுத்த பணம். வயதான காலத்துக்கு பி.எப். உடம்புக்கு வந்தால் கே.கே.நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. பண்டிகைக்கு போனஸ்.

கமிஷனைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! மோசடிக்காரர்கள் கண் வைப்பது இந்தப் பணத்தில்தான். 100 ஆள் வைத்திருக்கும் ஏஜென்சி இதைக் கட்டாமல் அமுக்கினால் மாதம் 5 லட்சத்து 59 ஆயிரத்து 950 ரூபாய். வருஷத்துக்கு 67 லட்சத்துக்கு மேல்!

கமிஷன் பூஜ்யம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு.

அரசு ஆபீஸ்களுக்கு ஆள் சப்ளை செய்ய டெண்டர் விடுவார்கள். சம்பளத்தையும் பி.எப்.பையும் குறைக்க முடியாது. எனவே யார் கமிஷனைக் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே காண்டிராக்ட். இந்தப் போட்டியில், "கமிஷனே வேண்டாம்" என்கிற அளவுக்கு இறங்கிப் போனார்கள். கடைசியில் மத்திய நிதி அமைச்சகம் தலையிட்டது. குறைந்தது 3.85 சதவீதமாவது சர்வீஸ் சார்ஜ் போட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உத்தரவு போட்டது.

கமிஷன் இல்லாமல் யாராவது ஆபீஸ் நடத்த முடியுமா? பில்லில் விட்டதை ஆளிடம் பிடித்து விடுவார்கள். கமிஷன் குறைவு என்றால் கம்பெனி சந்தோஷப்படலாம். வேலை பார்க்கிற ஆள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

சுருட்டுவது எப்படி?

* வேலைக்குச் சேரும்போதே பதிவுக் கட்டணம். பிறகு யூனிபாரம், பூட்ஸ், அடையாள அட்டை என்று மாதா மாதம் பிடித்தம்.

* பி.எப்.பில் முதலாளி பங்கையும் ஆள் சம்பளத்திலேயே பிடிப்பது. கம்பெனியிடமும் வாங்கி, ஆளிடமும் வாங்கி, இரட்டை வசூல்! முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கவே கூடாது என்பது சட்டம்.

* 20 பேருக்கு பில். வேலையில் 17 பேர். மீதி 3 பேர் காகிதத்தில் மட்டும். அவர்கள் வேலையும் இந்த 17 பேர் தலையில்தான் விழும்.

* சம்பளத்தை பாங்கியில் போடுவார்கள். ஆனால் ஏ.டி.எம். கார்டு சூப்பர்வைசரிடம் இருக்கும். அல்லது, "எடுத்துக் கொண்டு வந்து இவ்வளவு கொடு" என்பார்கள். ரிக்கார்டில் முழுச் சம்பளம். கையில் அரைச் சம்பளம்.

* காண்டிராக்ட் எடுத்தவர், அதை இன்னொரு சின்ன ஏஜென்சிக்குத் தள்ளி விடுவது. கமிஷன் இரண்டாகும். கூலி தேயும்.

இதை எல்லாம் விடப் பெரியது ஓவர்டைம். சட்டப்படி 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. 12 மணி நேர டூட்டி என்றால் 4 மணி நேரம் கூடுதல். அதற்கு இரட்டைக் கூலி போட்டால் 8 மணி நேரக் கூலி ஆகிறது. அதாவது, 15 ஆயிரம் வாங்க வேண்டிய வாட்ச்மேன் தினமும் 12 மணி நேரம் நின்றால் அவருக்கு 30 ஆயிரம் வர வேண்டும்! ஒரே சம்பளத்தில் 12 மணி நேரம் நிறுத்துவது ஏஜென்சி மட்டும் செய்கிற காரியம் அல்ல. "12 மணி நேரத்துக்கு ஆள் வேண்டும், ரேட்டை மட்டும் குறையுங்கள்" என்று பேரம் பேசுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

ரிப்பன் மாளிகை போராட்டம்

நேரடியாக வாங்கும் சம்பளம் காண்டிராக்டர் கைக்கு மாறப் போகிறது என்றாலே தொழிலாளிக்கு வயிற்றைக் கலக்கும். 2025 ஆகஸ்டில் சென்னை அதைக் கண்ணால் பார்த்தது. ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலக் குப்பை வேலையைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து, துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். சம்பளம் குறைந்து விடும் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான குறை. ஆகஸ்டு 13-ந் தேதி இரவு போலீசார் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கு என்று 1970-ல் ஒரு சட்டம் வந்தது. கம்பெனியின் பிரதிநிதி முன்னிலையில்தான் காண்டிராக்டர் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல், 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்து விட்டது. முன்பு 20 காண்டிராக்ட் ஆட்கள் இருந்தால் சட்டம் பாயும். இப்போது 50 பேர் வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை. ஏஜென்சி சம்பளத்தைக் கொடுக்காமல் டிமிக்கி கொடுத்தால், வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும். பிறகு ஏஜென்சியிடம் வசூல் செய்து கொள்ளலாம். "ஏஜென்சியைப் போய்க் கேள்" என்று கம்பெனி கை கழுவ முடியாது.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் போட வேண்டும். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். இதுவும் சட்டம்.

ஏஜென்சி ஆட்கள் கவனிக்க!

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பி.எப். என்று பிடித்திருந்தால் மட்டும் போதாது. பணம் கட்டப்பட்டதா என்று பாருங்கள். பி.எப். நம்பரோடு பதிவு செய்த செல்போனில் இருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், கணக்கு விவரம் எஸ்.எம்.எஸ்.சில் வந்து விடும். காசு செலவு இல்லை. கடைசியாகக் கட்டிய மாதம் எது என்று பாருங்கள். நாலைந்து மாதம் காணோம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

பி.எப். புகாருக்கு ராயப்பேட்டை ஐரோடு பி.எப். ஆபீஸ். இ.எஸ்.ஐ.க்கு நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோடு. சம்பளம், ஓவர்டைம் தகராறுக்கு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை.

வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதா மாதம் நீங்கள் கட்டும் பணத்தில் அவர் பி.எப்.பும் அடக்கம். அடுத்த பில் வரும்போது, போன மாதம் பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டிய சலானை ஆட்கள் பெயர்ப் பட்டியலோடு கேளுங்கள். நேர்மையான ஏஜென்சி உடனே எடுத்து நீட்டும்.

"நாளைக்குத் தருகிறேன்" என்று இழுத்தால், செக்கும் நாளைக்கு என்று சொல்லி விடுங்கள்!