மெழுகில் ஒட்டிய குச்சி

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போக வேண்டும். மான்களுக்கு நின்று பார்ப்பவர்கள் அங்கேயுள்ள பழைய பீரங்கிகளுக்கு நிற்பதில்லை. அடுத்த முறை ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். அடிப்பக்கம் பருத்திருக்கும், வாய்ப்பக்கம் மெலிந்திருக்கும். வெடிமருந்து பற்றும் இடத்தில் அமுக்கம் மிக அதிகம் என்பதால் அங்கே உலோகத்தைத் தடிப்பாக வார்த்தார்கள்.

இந்த உருவம் குறி பார்ப்பவனை ஏமாற்றும். பீரங்கியின் மேல்விளிம்போடு கண்ணை ஓடவிட்டு இலக்கைப் பிடித்தால், உள்ளேயுள்ள குழல் சற்று மேல்நோக்கியே இருக்கும். கிட்டத்தில் நிற்கும் கப்பலுக்கு மேலால் குண்டு பறந்துவிடும். இதற்குப் பீரங்கிப் படையினர் கண்ட மருந்து மிக மலிவானது. அடியின் விட்டத்துக்கும் வாயின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அளந்து, அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வாய் விளிம்பில் மெழுகால் ஒட்டிவிடுவது. பார்வைக் கோடும் குழலும் சமாந்தரமாகிவிடும்.

துவக்கு என்றால் எங்கள் மாவட்டத்தில் எவருக்கும் விளையாட்டு நினைவுக்கு வராது. ஆனாலும் அந்தக் குச்சியின் கதை 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் திரும்ப வந்தது. 10 மீற்றர் வாயுக் கைத்துப்பாக்கி கலப்பு இரட்டையர் போட்டியில் துருக்கியின் யூசுப் டிகெச், சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சுட்டு வெள்ளி வென்றார். சுற்றிலும் விசேட வில்லைகளும் கண்மறைப்புகளும் அணிந்த வீரர்கள். ‘உபகரணம் எதற்கு?’ என்று உலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாதிதான் நியாயம்.

கணக்கைப் பார்ப்போம். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். ரவையின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், அதன் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே புள்ளி உண்டு. ஆகவே மையத்திலிருந்து 8 மில்லிமீற்றர் வரை விலகலாம். துப்பாக்கியைச் சாய்க்காமல் கை 1 மில்லிமீற்றர் நகர்ந்தால், இலக்கிலும் அதே 1 மில்லிமீற்றர்தான். ஆனால் குழல் நுனியிலுள்ள முன்குறிமுள், துப்பாக்கியின் பின்பக்கத்திலுள்ள பின்குறியின் பிளவுக்குள் ஒரு பக்கம் ஒதுங்கினால் கதை வேறு. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஓர் அடி. இலக்கு 10 மீற்றர் தூரத்தில். பிழை 33 மடங்காகப் பெருகும். கால் மில்லிமீற்றர் ஒதுங்கினாலே பத்து கைநழுவும்.

கண்ணால் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. அதனால் தேர்ந்தவர்கள் முன்குறியை மட்டும் கூர்மையாகப் பார்த்து, இலக்கை மங்கலாகவே விட்டுவிடுகிறார்கள். விலையுயர்ந்த கண்ணாடிச் சட்டத்திலுள்ள சிறு துளை இதற்குத்தான் உதவுகிறது: துளை சிறுத்தால் தெளிவாகத் தெரியும் தூரத்தின் வீச்சு கூடும். மற்றக் கண்ணை இறுக மூடினால் முகத் தசைகள் களைக்கும். அதன் முன்னே வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டாலே போதும். டிகெச் அதுவும் இல்லாமல் இரு கண்களையும் திறந்தே சுடுகிறவர். 2008 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் சுட்டுப் பழகிய கண்கள் அவை.

அடுத்தது கைப்பிடி. ஒவ்வொரு முறையும் துப்பாக்கி உள்ளங்கையில் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். இடைவெளி இருக்கும் இடத்தில் மரப்பசை மாவை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் தம் கைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் வீரர்கள் உண்டு. செலவு சொற்பம். ஆனால் மணிக்கட்டைத் தாங்கும்படி கைப்பிடியை நீட்ட விதி இடம்கொடாது.

குழல் நுனியில் சிறு எடைகளைச் சேர்ப்பதும் வழக்கம். உலக்கையை நடுவில் பிடித்தால் இலகுவாகத் திருப்பலாம். நுனியில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கையிலிருந்து எடை எவ்வளவு தூரமோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சுழற்சிக்கான எதிர்ப்புக் கூடுகிறது. அதனால் நடுக்கம் மந்தமாகும். ஆனால் 60 சூடுகளுக்கு அந்த எடையைத் தூக்க வேண்டியது அதே கைதான். மொத்த எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டவும் கூடாது.

விசைக்கும் வரம்பு உண்டு: 500 கிராம் எடையைத் தாங்காமல் விடுபட்டால் போட்டிக்கு எடுபடாது. நுட்பம் கூடினால் நம்பகத்தன்மையும் கூடும் என்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கரின் துப்பாக்கி இலத்திரனியல் விசைக் கோளாறால் போட்டி நடுவில் நின்றுபோனது, இறுதிச்சுற்றும் கைநழுவியது. அவரே பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார்.

போட்டித் தரத் துப்பாக்கிக்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும்; இலங்கையில் துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. ரவை போடாமல், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை இழுக்கும் பயிற்சி. சுவரில் இலக்கு இல்லாததால் கண் முன்குறியிலேயே தங்கும். விரல் இழுக்கும்போது முள் அசைந்தால் உடனே தெரிந்துவிடும்.

டிகெச் கையிலிருந்ததும் முறையான போட்டித் துப்பாக்கிதான். அவர் விட்டுவிட்டது தமக்குத் தேவைப்படாதவற்றை மட்டும். முன்குறிமுள்ளை அவரும் விடவில்லை. கோட்டைப் பீரங்கியின் வாயில் மெழுகால் ஒட்டிய குச்சியும் அதே முள்தான்.