பெற்றவளுக்குத் தெரியாதா?

போன ஞாயிறு நம் சங்க நூலகத்தில், காபிக்குப் பிறகு வழக்கமாக நடக்கும் அரட்டை ஒரு பழைய அமெரிக்க வழக்கில் வந்து நின்றது. வீடு திரும்பிய பிறகும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1912 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தின் ஸ்வேஸ் ஏரிக்குக் குடும்பத்தோடு போன பாபி டன்பார் என்ற நான்கு வயதுச் சிறுவன் காணாமற் போனான். எட்டு மாதம் கழித்து மிசிசிப்பி மாநிலத்தில், ஊர் ஊராய்ச் சுற்றிப் பியானோ பழுது பார்த்து வந்த வில்லியம் வால்ட்டர்ஸ் என்பவரிடம் அதே வயதில் ஒரு பையனைக் கண்டார்கள். "இவன் பாபி இல்லை. வட கரோலினாவிலுள்ள ஜூலியா ஆண்டர்சனின் மகன் புரூஸ்" என்றார் அவர்.

திருமதி டன்பார் பையனைப் பார்த்து முதலில் தயங்கினார். மறுநாள் அவனைக் குளிப்பாட்டியபோது மச்சத்தையும் தழும்பையும் கண்டு, "என் பிள்ளைதான்" என்றார். பிறகு ஜூலியா வெகு தூரத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஐந்து சிறுவர்களைக் காட்டினார்கள். அவரும் முதலில் தயங்கினார். மறுநாள் உறுதியாகச் சொன்னார். ஆனால் பையனை டன்பார் குடும்பத்திடமே கொடுத்துவிட்டார்கள். 1914-இல் வால்ட்டர்ஸுக்குக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாவதற்குள் இரண்டு வருடம் சிறையில் கழிந்துவிட்டது.

"பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? தயங்கினாள் என்றாலே பொய்தானே!" என்றார் நண்பர் ஒருவர். பலரும் தலையாட்டினார்கள்.

என்னால் முடியவில்லை. 1988-இல் கைக்குழந்தையோடு தில்லியில் சமாளிக்க இயலாமல், இரண்டு வயது மூத்தவனைக் கும்பகோணத்தில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். ஒரு வருடம் கழித்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் அம்மா அழைத்து வந்தாள். மொட்டைத் தலை, கறுத்த முகம், பாட்டியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றான். ஒரு கணம் நான் திகைத்துப் போனேன். அவனோ என்னை "மாமி" என்றான்! எல்லோரும் சிரித்தார்கள். நான் இரவெல்லாம் அழுதேன். ஆனால் "இவள் தாய்தானா?" என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் கணவர் இருந்தார், அம்மா இருந்தாள்.

ஜூலியாவுக்கு யார் இருந்தார்கள்? வேற்றூர், கையில் பணமில்லை, மணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று பத்திரிகைகளின் ஏச்சு வேறு. இரண்டு தாய்மாரும் ஒரே மாதிரிதான் தயங்கினார்கள். ஒருத்தியின் தயக்கத்தைத் துக்கம் என்றார்கள். மற்றவளுடையதைப் பொய் என்றார்கள். சாட்சியத்தை யாரும் எடை போடவில்லை. சொன்னவரின் அந்தஸ்தைத்தான் போட்டார்கள்.

பாபி டன்பார் என்ற பெயரிலேயே வாழ்ந்த அந்தப் பையன் 1966-இல் காலமானார். பழைய தாள்களைப் புரட்டிய பேத்தி மார்கரெட்டுக்குச் சந்தேகம் வந்தது. 2004-இல் அவருடைய தந்தைக்கும் டன்பார் குடும்பத்து உறவினர் ஒருவருக்கும் மரபணுச் சோதனை செய்தார்கள். இரத்த உறவே இல்லை! ஜூலியா சொன்னது நிஜம் என்று தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை. உண்மையான பாபி என்ன ஆனான் என்பது இன்றுவரை தெரியாது. பையன் கிடைத்துவிட்டான் என்று நினைத்த பிறகு யார் தேடப் போகிறார்கள்?

ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நம் பேச்சை நம்பாத சந்தேகப் பார்வையை நாமும் சந்தித்திருக்கிறோம். அடுத்த முறை ஒரு தாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன், அந்த ரயிலடியில் நின்ற என்னைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.