மொழி மட்டும் போதுமா? தென்காசிப் பிள்ளைகளும் அயல்மொழி வேலைகளும்

ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் கடைத்தெருவில் பாதிப் பேச்சு மலையாளம்தான். மங்குஸ்தான், ரம்புட்டான் விற்பவர், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிப்பவர், எண்ணெய் மசாஜுக்கு ஆள் கூப்பிடுபவர் என்று எல்லோரும் புனலூர், கொல்லத்துக்காரர்களிடம் அவர்கள் பேச்சிலேயே விலை பேசுவார்கள். இவர்களில் பெரும்பாலானோர் மலையாளத்தை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்ததில்லை. பக்கத்துச் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டோடு இருந்த ஊர். வாங்குபவரின் மொழி தெரிந்தால் வியாபாரம் கூடும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை “ஜெர்மன் படிக்கப் போறேன்” என்றால், “அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மொழிக்கென்று மட்டும் சம்பளம் தரும் வேலைகள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். நர்சிங், கணக்கு, மென்பொருள் என்று கையில் ஒரு தொழில் இருந்து, அதோடு மொழியும் சேர்ந்தவர்களுக்குத்தான் கதவு அதிகம் திறக்கிறது.

இதை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். கடையநல்லூர்க்காரர்கள் முன்பு சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள், பிறகு வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். அங்குள்ள பிள்ளைகள் பலர் ஐந்து வயதிலேயே மதரஸாவில் அரபி எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவர்கள். குர்ஆனைத் தடையில்லாமல் ஓதுவார்கள், ஆனால் துபாய்க் கடையில் வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை பேசத் திணறுவார்கள். இன்னொரு பக்கம், இருபது வருஷம் ரியாத்தில் கடை பார்த்தவர் வளைகுடாப் பேச்சை வெளுத்து வாங்குவார், அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் வாசிக்க ஆள் தேடுவார். வாசிப்பும் பேச்சும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அதற்கு நல்ல விலை உண்டு.

அங்கே ‘மந்தூப்’ என்று ஒரு வேலை இருக்கிறது. விசா புதுப்பிப்பது, லேபர் கார்டு எடுப்பது, கடை லைசென்ஸைப் புதுப்பிப்பது என்று நிறுவனத்தின் சார்பில் அரசு அலுவலகங்களுக்கு அலையும் ஆள். சவுதியில் இதை உள்நாட்டாருக்கே ஒதுக்கிவிட்டார்கள், அமீரகத்தில் வெளிநாட்டாரும் செய்கிறார்கள். அமீரகத்தில் நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். திருமணச் சான்று, கம்பெனி ஒப்பந்தம் எல்லாம் அவர் முத்திரை விழுந்தால்தான் செல்லும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அப்சலுல் உலமா போன்ற அரபிப் படிப்புகளை மார்க்கக் கல்வியாக மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கூடவே ஒரு பி.காம். இருந்தால் அதுவே பிழைப்புக்கும் வழி.

ஜெர்மனிக்கு இப்போது ஆசைப்படுபவர்களில் நர்சிங் படித்தவர்கள் நிறைய. மலைக்கு அந்தப் பக்கம், கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு முகமையோடு ஒப்பந்தம் போட்டு, ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் நர்ஸ்களை அனுப்பி வருகிறது. மொழிப் பயிற்சிக்குக் காசு வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சி அளித்து அனுப்புகிறது.

மொழியின் படிகள் ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு. நர்ஸாகப் போக பி1 வரையாவது ஏற வேண்டும். அங்கே முழு நர்ஸாக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள். பி1-ஐத் தொட 45 நிமிஷ வகுப்புகள் 350 முதல் 650 வரை ஆகும் என்பது ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்கு. மூன்று மாதத்தில் பி1 முடித்துத் தருகிறோம் என்று போஸ்டர் ஒட்டுபவர்களை இந்தக் கணக்கை வைத்தே எடைபோட்டுவிடலாம். அவர்களின் பி1 தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் எடுத்த 90 இன்னொன்றில் விழுந்த 50-ஐத் தூக்கி நிறுத்தாது. பேச்சில் சறுக்குவதற்கு வழக்கமான காரணம் கூச்சம். வார்டில் வலியில் இருக்கும் கிழவர் இலக்கணம் பார்த்துப் பேசமாட்டார். அவர் சொல்வதை உடனே பிடித்துக்கொள்ளும் காது வேண்டும்.

ஜப்பான் கதை வேறு. அங்கே முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட துறைகளுக்கு ஆள் எடுக்க 2021 ஜனவரியில் இந்தியாவோடு உடன்பாடு கையெழுத்தானது. மொழித் தகுதி, ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்4 நிலை, அல்லது அதற்கு இணையான ஜேஎஃப்டி தேர்வு. பராமரிப்பு வேலைக்கு அந்தத் துறையின் தேர்வுகளும் கூடுதலாக உண்டு. ஆனால் இந்த வேலைகளுக்கான முதல் கட்ட விசா பொதுவாக 5 ஆண்டுதான், அதில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கல்யாணம் பேசும் வயதில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் கையில் இருந்தும் நேர்காணலில் வாய் திறக்காதவர்கள் உருவாவது இப்படித்தான்.

தென்காசியை விட்டு நகராமல் செய்யும் வேலை உண்டா? 2011-இல் மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு, வயல்காட்டுக்கு நடுவே உட்கார்ந்து உலகம் முழுக்க விற்கும் மென்பொருளை எழுதலாம் என்பது இங்கே புதுச் செய்தி இல்லை. அப்படி விற்கும் எந்த மென்பொருளும் ஊருக்கு ஊர் மொழி மாற வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனுக்குள் ஜெர்மன் சொல் அடங்காது, அரபிக்குப் போனால் திரையே வலமிருந்து இடமாகத் திரும்பும். இதைச் சரிபார்க்க மொழியும் தெரிந்து மென்பொருளும் தெரிந்த ஆள் தேவை. பிரெஞ்சிலோ ஜப்பானியிலோ வரும் வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்வதும் இந்த வகை வேலைதான்.

வெறும் சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் மொழிபெயர்ப்பு வேலையை இனி நம்ப வேண்டாம். அதை இயந்திரம் செய்கிறது, மனிதர் திருத்துகிறார், திருத்தக் கூலி குறைவு. மருத்துவம், சட்டம், காப்புரிமை என்று ஒரு துறையில் ஊறியவர்களுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. நேரில் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவருக்கும் அப்படியே. ஆசிரியர் வேலையும் நிற்கிறது. ஆன்லைன் வகுப்பு வந்த பிறகு, சி1 முடித்தவர் வீட்டிலிருந்தே எந்த ஊர்ப் பிள்ளைக்கும் சொல்லித்தரலாம்.

மொழியையே பட்டமாகப் படிக்க விரும்புபவர்கள் டெல்லி ஜேஎன்யூ, ஹைதராபாத் இஃப்லு ஆகிய மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பார்க்க வேண்டும். ஜேஎன்யூவில் முன்பின் ஒரு எழுத்து தெரியாமலே க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக ஜப்பானிய, கொரிய, ரஷ்ய மொழிகளின் பி.ஏ.வில் சேரலாம், கட்டணமும் மிகக் குறைவு. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் இருக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு நம் பள்ளிகளில் இல்லை.

கடைசியாக நடைமுறை. ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கோத்தே தேர்வையும் ஜேஎல்பிடியையும் சென்னையில் எழுதலாம். ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும், அந்த வாரத்துப் பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு ஏறித் தூக்கக் கலக்கத்தோடு தேர்வறைக்கு ஓடாமல், வெள்ளிக்கிழமையே கிளம்புங்கள்.