வெறுமையும் பூச்சியமும்

அட்டவணையிற் பூச்சியம் என்பது எண்ணிக் கண்ட முடிவு. வெற்றிடமோ எண்ணப்படாமையின் அடையாளம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் விளையும் கேட்டினைப் புத்தளக் கரையோரத்தின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் கற்பிட்டி, புத்தளம் முதலிய இடங்களில் அடைக்கலம் புகுந்தனர். 1981 இன் பின் 2001 இலேயே அடுத்த குடிசனமதிப்பு நிகழ்ந்தது. அதுவும் 18 மாவட்டங்களிலேயே முழுமை பெற்றது. புத்தளம் அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணமும் மன்னாரும் எஞ்சிய 7 இனைச் சார்ந்தன. ஆகவே, அம்மக்கள் வந்து சேர்ந்த இடத்திற்கு முழுக் கணக்கு உண்டு. விட்டு வந்த இடத்திற்கு இல்லை. அவ்வெற்றிடத்தைக் கணினி பூச்சியமாகக் கொள்ளுமாயின், 1981 இல் மக்கள் நிறைந்திருந்த மாவட்டம் 2001 இல் ஆளற்ற நிலமாகிவிடும். வளர்ச்சி வீதமும் பொய்க்கும்.

இதற்குப் பரிகாரம், தரவினை விளக்கும் மீதரவில் வெறுமையின் காரணத்தையும் பதிதலேயாம். புவியியற் றகவலுக்குரிய ஜி.எம்.எல். என்னும் நியமம், பொருந்தாமை, கிடையாமை, பின்னர் வரவிருத்தல், அறியப்படாமை, வெளியிடப்படாமை எனக் காரணங்களை வகுத்துரைக்கின்றது. படகில்லாத வீட்டிற்குப் படகின் இயந்திர வலு பொருந்தாதது. படகுடையோன் வலுவைச் சொல்ல, அதனைப் பதிந்தோர் மறைப்பின் அது வெளியிடப்படாதது. 2001 இன் யாழ்ப்பாணத்துத் தொகையோ அறியப்படாதது: மக்கள் இருந்தனர், எண்ணப்பட்டிலர்.

காரணம் கூறும் வெற்றிடம் அறியாமையின் அளவை உணர்த்தும். காரணமின்றி இட்ட பூச்சியமோ, இருந்த மக்களை இல்லாதவராக்கும்.