கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை

பள்ளியில் நாள்தோறும் நாம் பார்த்துப் பழகிய கரும்பலகை வீட்டுக் கூடத்திலும் இருந்தால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் இருக்கிறது. முதலில் அழகுக்காக அதை அமைக்கவில்லை. எங்கள் ஆச்சிக்குக் காது கேட்காமற் போய்விட்டது. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். ஒரே இரைச்சலாக இருக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டார்கள். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்ற ஒரு கேள்விக்காக வீடே கத்த வேண்டியிருந்தது. கத்தக் கத்த, நாங்கள் கோபப்படுகிறோம் என்று எண்ணி ஆச்சி பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் எழுத்துத் தெரியவில்லை. கைபேசித் திரையோ அவர்கள் கண்ணுக்கு வெறும் வெளிச்சம். அப்பொழுதுதான், கரும்பலகை பெயிண்ட் என்றே கடையில் விற்கிறார்கள், சுவரில் அடித்தால் அந்தச் சுவரே பலகையாகிவிடும் என்று அப்பா செய்தி கொண்டுவந்தார்கள்.

கறுப்புப் பெயிண்ட் எதை அடித்தாலும் பலகையாகிவிடாதா என்று நாங்களும் கேட்டோம். ஆகாது. கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் காய்ந்தால் வழுவழுப்பாகிவிடும். அதன்மேல் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். கரும்பலகை பெயிண்டில் கறுப்பு நிறத்தோடு மிக நுண்ணிய கனிமப் பொடியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அது மினுமினுப்பின்றிக் காய்ந்து, கைக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சொரசொரப்பைத் தருகிறது. அச்சொரசொரப்பு அரம்போல் சாக்பீசைத் தேய்த்துத் துகளைப் பிடித்துக்கொள்கிறது. துணியால் துடைத்தால் விட்டுவிடுகிறது. நம் நாட்டுச் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் குழைத்து அச்சில் வார்த்துச் செய்வது. மென்மையான பொருளாகையால் எளிதில் தேய்கிறது.

இதையெல்லாம் பலகையில் எழுதிக் காட்டியபோது ஆச்சி சிரித்தார்கள். அவர்கள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். அந்நாளில் கரும்பலகை வெளுத்துப்போனால் பிள்ளைகளே கோவை இலையும் ஊமத்தை இலையும் பறித்துவந்து, அடுப்புக் கரியோடு சேர்த்து அரைத்துப் பூசுவார்களாம். (ஊமத்தை நஞ்சு. இதைப் படித்துவிட்டு யாரும் பறிக்கப் போக வேண்டாம்.) கறுப்பின்மேல் வெள்ளையால் எழுதுவது நம் நாட்டிற்கு மிகப் பழைய வழக்கம். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பெருனி, இங்கே பிள்ளைகள் கறுப்புப் பலகைகளில் வெள்ளைப் பொருளால் எழுதுவதைக் குறித்து வைத்திருக்கிறார்.

இனி வேலைக்கு வருவோம். இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் பாதி வேலை. நாங்கள் முதன்முதலில் குளியலறையை ஒட்டிய சுவரில் அடித்தோம். ஐப்பசி மழைக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிட்டது. வாங்கிய டப்பாவில் பாதியும் இரண்டு நாள் உழைப்பும் வீண். சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ அடித்த சுவரிலும் நேராக அடிக்கக் கூடாது. சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கை அடித்துக் காயவிட வேண்டும். ஒரு சிறு மேடு இருந்தாலும் சாக்பீஸ் அங்கே தட்டும்.

பெயிண்ட் இரண்டு கை வேண்டும். முதல் கையைக் கிடைவாக்கிலும், அது நன்றாகக் காய்ந்த பின் இரண்டாவதை மேலிருந்து கீழாகவும் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியாது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். டப்பாவில் ஈயம் பற்றி அச்சிட்டிருப்பதையும் பார்த்து வாங்குங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சுவரில் உள்ள பழைய பெயிண்டுக்கு அந்தக் காவல் இல்லை. அதை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. சிறு குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

அடித்து முடித்ததும் எழுதக் கை துறுதுறுக்கும். மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். பிறகு சாக்பீசைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் பூசி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். நுண்ணிய குழிகளிலெல்லாம் சாக்பீஸ் தூள் நிறைந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் முதலில் எழுதிய எழுத்து அந்தக் குழிகளில் தங்கிவிடும். எங்கள் அம்மா அவசரத்தில், பூசுவதற்கு முன்பே "பால் 2 பாக்கெட்" என்று எழுதிவிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகும், மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பால் 2 பாக்கெட் தெரிகிறது!

சுவர் முழுவதும் கறுப்பாக்கினால் கூடம் இருண்டுவிடும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும் நிறமல்லவா? நாங்கள் ஐந்தடி நீளம், மூன்றடி உயரத்தோடு நிறுத்திக்கொண்டோம். நாற்காலியில் அமர்ந்தபடியே ஆச்சி எழுதுவதற்காக அடிவிளிம்பைத் தரையிலிருந்து இரண்டடியில் வைத்தோம். சுற்றிலும் மெல்லிய மரச்சட்டம், கீழே தூள் விழ ஒரு சிறு தட்டு. ஓரங்களில் வாரம் ஒரு சிக்குக் கோலம் அம்மாவின் பங்கு. கிறிஸ்துமஸ் வந்தால் தம்பி நட்சத்திரம் வரைவான். வாசலில் போட்டுத் தினம் அழிக்கிற கோலத்தைச் சுவருக்கு ஏற்றியதுதான் இந்த அலங்காரம். செலவு ஒரு சாக்பீஸ். யாருக்கேனும் இழுப்பு இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், தூள் பறக்காது. வாடகை வீட்டில் இருப்போர் ஒட்டுப்பலகையில் அடித்து மாட்டிக்கொண்டால் வீட்டுக்காரரின் முகம் கோணாது. மீந்த பெயிண்டை அம்மா சமையலறை டப்பாக்களில் சிறு பட்டையாக அடித்து, துவரை, உளுந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கூடத்தில் யாரும் கத்துவதில்லை. மூன்று அங்குல எழுத்தில் எழுதுகிறோம். ஆச்சி வாய்விட்டுப் படித்துப் பதில் சொல்கிறார்கள். ஒருநாள் தம்பி "மளை வருது, துணி எடுக்கணும்" என்று எழுதினான். ஆச்சி படித்தார்கள், சாக்பீசை வாங்கினார்கள், 'ள'வைக் குறுக்கே அடித்து 'ழ' போட்டார்கள். கொடியில் கிடந்த துணியெல்லாம் அதற்குள் நனைந்துவிட்டது. அன்று முதல் மாலையில் பத்துச் சொற்கள் ஆச்சி சொல்ல, அவன் பலகையில் எழுத வேண்டும். பத்தும் சரியென்றால் ஒரு முறுக்கு. எங்களையும் விடுவதில்லை. போன வாரம் எங்களுக்கு ஒன்பதுதான்.